புல்தரையைப் பெயர்த்த தெரு

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் காலமெல்லாம் சாவி அறுக்கும் மிஷினோடு நின்று உங்கள் காது போய்விட்டது. நான் கத்திப் பேசினால் உங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, அடுத்த அறையில் இருக்கும் உங்கள் மகளுக்கு நன்றாகக் கேட்கும். அதனால் கடிதம்.

உங்கள் மகள் என் மகனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் உண்டு, அவளுடைய தண்ணீர் ஆபீஸ் உண்டு என்று இருப்பவள். எனக்கும் அவளுக்கும் சண்டை கிடையாது. ஒட்டுதலும் அவ்வளவாகக் கிடையாது. போன வாரம் திடீரென்று காபி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

காபி பாதி ஆனதும் ஆரம்பித்தாள். வீட்டு முன்னால் இருக்கிற புல்தரையைப் பெயர்த்துவிட வேண்டுமாம். அதற்குப் பதிலாக அதிகத் தண்ணீர் கேட்காத செடிகளை வைத்து, வேருக்கு வேர் சொட்டுநீர்க் குழாய் போட்டு, தானாகத் திறந்து மூடும் டைமர் வைக்க வேண்டுமாம். செலவில் பாதியை ஆபீஸே மானியமாகக் கொடுத்துவிடுமாம். "நம்ம வீட்லேர்ந்து ஆரம்பிச்சா தெருவே பின்னால வரும் அத்தை. நீங்கதானே தெருச் சங்கத் தலைவி" என்று ஒரு சிரிப்பு.

தண்ணீர் விற்கிற ஆபீஸ், தண்ணீரைக் குறைவாக வாங்குங்கள் என்று வீடு தேடி வந்து சொல்கிறது. அதற்குக் காசும் கொடுக்கிறது. சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். வருகிற விடுப்புக் கடிதத்தைப் பார்த்தாலே இது நிஜ வயிற்றுவலி, இது கிரிக்கெட் மேட்ச் என்று பிரித்துவிடுவேன். இது எனக்கு வயிற்றுவலி மாதிரித் தெரியவில்லை.

இதில் அவளுக்கு என்ன லாபம்? பிரமோஷனா? வேறு ஏதாவதா? பெற்றவர் கேட்டால் சொல்லுவாள். கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாயார்

&nbsp;

மார்ச் 12

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு ஒரு பீரோச் சாவியை மாற்றி அறுத்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

என் பொண்ணிடம் ஒளிவுமறைவு கிடையாது. கேட்க வேண்டியதை அவளிடமே கேட்கலாமே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளைப் பற்றி ஊர் தாண்டி இருக்கிற எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? இதை நினைக்க நினைக்க எனக்குத்தான் வேறு கவலை வருகிறது. போன தடவை பாப்பா போன் பேசியபோது குரல் ஏதோ அமுங்கி இருந்தது. எனக்கு வார்த்தை சரியாகக் கேட்காது; ஆனால் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இறங்கித்தான் இருந்தது. அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? அங்கே ஏதாவது மனத்தாங்கலா? மறைக்காமல் எழுதுங்கள்.

தண்ணீர் விஷயத்தைக் கேட்டேன். நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை. "அணைக்கட்டுல தண்ணி வருஷத்துக்கு வருஷம் இறங்குதுப்பா. வீட்டுக்கு வர்ற தண்ணில பாதி புல்லுக்குத்தான் போகுது. எல்லாரும் கொஞ்சம் மனசு வெச்சா தாங்கிடும்" என்றாள். இதில் என்ன சூது இருக்கிறது? பிரமோஷனுக்காகப் புல்லைப் பெயர்க்கச் சொல்லுகிறவள் இல்லை என் மகள்.

நீங்கள் தைரியமாகச் செய்யுங்கள். நாளைக்கு ஒரு கெடுதல் என்று வந்தால் அதற்கு நான் பொறுப்பு. இதை எழுத்திலேயே தருகிறேன்.

பாப்பாவின் அப்பா

&nbsp;

மே 9

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள். என்னைவிட ஒரு கரண்டி அதிகமாகவே சாப்பிடுகிறாள். கேட்டதற்குப் பதில் ஆயிற்றா?

புல்தரை போய்விட்டது. ஆட்கள் வந்து பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்று துக்கம் விசாரிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் எனக்கு வாசல் பக்கம் போகவே பிடிக்கவில்லை. பிறகு செடிகள் வந்தன, கறுப்புக் குழாய் வந்தது. விடியற்காலையில் டைமர் 'டக்' என்கிறது, சொட்டுச் சொட்டாக விழுகிறது, மறுபடி 'டக்'. மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது.

அதற்கு முன்னால் எங்கள் கூடத்தில் தெருக் கூட்டம் நடந்தது. உங்கள் மகள் நன்றாகப் பேசினாள். மூலைவீட்டு வக்கீல் விடுவாரா? "இன்னைக்கு மானியம் குடுக்கறீங்க. நாளைக்கு எங்க கழுத்துல என்ன மாட்டுவீங்க?" என்று கேட்டார். "மிச்சம் பிடிச்சவங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது சார்" என்றாள். கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பல் டாக்டர், பேக்கரிக்காரர், கடைசியில் வக்கீலும். இன்றைக்கு எங்கள் தெருவில் புல்தரை உள்ள வீடே கிடையாது. மீட்டர் பாதிதான் ஓடுகிறது.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆபீஸ் ஆள் ஒருவன் வந்து ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறான். வழக்கமாக வரும் மீட்டர்காரன் இல்லை இவன். "எதுக்குடி இது?" என்றேன். "கணக்குக்கு அத்தை" என்றாள். யாருடைய கணக்குக்கு?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாயார்

&nbsp;

ஜூன் 30

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

பாப்பா வந்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். ஏன் வந்தாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. வந்த நேரமெல்லாம் தூங்கினாள். தூங்காத நேரத்தில் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா தெருவைப் பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சையில் மார்க் குறைந்தால் இப்படித்தான் உட்காருவாள்.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாள். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். "அப்பா, நீ நல்ல பூட்டுன்னு நினைச்சுத்தான் ஒரு வீட்டுக்குப் போட்டுக் குடுக்கறே. அப்புறம் கம்பெனிக்காரன்கிட்டயே அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்குன்னு உனக்குத் தெரியவருது. நீ என்ன பண்ணுவே?" என்றாள்.

"ஓடிப்போய் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுவேன்" என்றேன்.

"கம்பெனிக்காரன், நான் அதை உபயோகப்படுத்தவே மாட்டேன்னு சொல்றான்."

"அப்பக் கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிப்பேன்."

சிரித்தாள். ஆனால் அது சிரிப்பில்லை. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சம்பந்தி அம்மா, நேராகவே கேட்கிறேன். நீங்கள் அவளை ஏதாவது சொன்னீர்களா? மீட்டர் போட்டோவுக்கே அவ்வளவு தோண்டித் துருவுகிறவர் நீங்கள். மாப்பிள்ளையைக் கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்கிறார். அவர் எதற்குத்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறார்?

பாப்பாவின் அப்பா

&nbsp;

நவம்பர் 14

சம்பந்தி அவர்களுக்கு,

ஜூனில் நீங்கள் கேட்டபோது நான் அவளை எதுவும் சொல்லியிருக்கவில்லை; அதனால் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்லியாயிற்று. அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மழை இல்லை, அணை வற்றிவிட்டது. அடுத்த மாதம் முதல் கட்டுப்பாடு. கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு வீடும் எவ்வளவு செலவழித்ததோ, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஓடினால் அபராதம், பிறகு இணைப்பையே துண்டிப்பார்கள்.

உங்களுக்குப் புரிகிறதா? அடுத்த தெருவில் இன்னமும் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால், புல் கொஞ்சம் வாடும். நாங்கள் ஏற்கெனவே பாதியாகக் குறைத்துவிட்டோம். மிச்சம் பிடித்த அந்த ஆறு மாதத்தைத்தான் ஆபீஸ் கணக்கில் எடுத்திருக்கிறது. இதற்கு மேல் குறைத்தால் குளிப்பதா, பாத்திரம் கழுவுவதா என்று சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். ஊதாரிக்கு மரியாதை, சிக்கனமாக இருந்தவன் தலையில் இடி. யாருடைய கணக்குக்கு என்று நான் கேட்டேனே, இதற்குத்தான் அந்த போட்டோ.

வக்கீல் வாசலிலேயே நின்று, "உங்க மருமகளுக்கு இது முன்னாடியே தெரியும். எங்களை வெச்சு அவங்க ஆபீஸ்ல பேர் வாங்கிட்டாங்க" என்று தெருவே கேட்கக் கத்தினார். பேக்கரிக்காரர் மனைவி என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறாள். நேற்று யாரோ எங்கள் சொட்டுநீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.

அவளை நிற்க வைத்துக் கேட்டேன். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அத்தை. ஆனா..."

அந்த 'ஆனா'வை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ 'ஆனா' கேட்டிருக்கிறேன். "ஒரே வீட்ல சோறு சாப்பிட்டுக்கிட்டே எங்க கழுத்தை அறுத்தியா?" என்று கேட்டேன். மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பாள். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அதை நினைவூட்டத்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளையின் தாயார்

&nbsp;

நவம்பர் 20

சம்பந்தி அம்மா,

பாப்பா இங்கே வரவில்லை.

என் மகள் எங்கே? அவளுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றது மட்டும் கேட்டது. பின்னால் ஒரே சந்தடி. யாரோ அவளைத் திட்டுவது போல இருந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்குச் சொன்னாளா, சொல்லவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை, "கவலைப்படாதீங்க மாமா" என்கிறார். கவலைப்படாதே என்று ஒருவர் சொன்னால்தான் எனக்குக் கவலையே ஆரம்பிக்கிறது.

நீங்கள் எழுதியதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விட்டுவிட்டீர்கள்? அவளாகப் போனாளா, போகச் சொன்னீர்களா? அவள் தப்புச் செய்திருந்தால் அதற்கு நான் வந்து தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் அவள் எங்கே என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

&nbsp;

நவம்பர் 27

சம்பந்தி அவர்களுக்கு,

பயப்பட வேண்டாம். பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் என் மகனைப் பிடித்து உலுக்கினேன். அவன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அல்லவா. "அவளோட வேலை பாக்கற பொண்ணு வீட்ல இருக்காம்மா. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றான். ஏன் சொல்லக் கூடாது? என் மகனே எனக்கு எதிர்க்கட்சி. அப்போதுகூட நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். ஆபீஸ் கொடுத்த புது வீட்டில் இருக்கிறாளோ, பிரமோஷன் வந்துவிட்டதோ என்று.

ஆபீஸுக்கே போனேன். வீடு வீடாகப் போகிற பிரிவில் அவள் இல்லையாம். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே போனால் திருவிழாக் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் மகள். இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொருவராக அவளைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு ஆள் பில்லைக் கசக்கி அவள் மேலேயே எறிந்தான். அவள் அதைப் பிரித்து, நீவி, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள். நீங்கள் போனில் கேட்ட சந்தடி இதுதான்.

என் முறை வந்தது. தலை நிமிராமல், "சொல்லுங்க" என்றாள்.

"புகார் குடுக்க வந்திருக்கேன்."

நிமிர்ந்தாள். "அத்தை..."

"தண்ணிய மிச்சம் பிடிச்சவங்களையே பிடிச்சுத் தண்டிக்கறீங்க. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதோட நிறுத்தாதீங்க அத்தை. வக்கீல் சாரையும் குடுக்கச் சொல்லுங்க, தெருவையே குடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு வந்தா ஓரமா வெச்சிடுவாங்க. குவிஞ்சா பொது விசாரணை வெச்சே ஆகணும்" என்றாள்.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த 'ஆனா'வைக் கேட்டேன். எங்கள் தெரு சேர்ந்து முடிந்த பிறகுதான் ஜூனில் அவளுக்கு இந்தக் கணக்கு விஷயம் காதில் விழுந்திருக்கிறது. மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். "அது வெறும் யோசனைதான்மா, வராது" என்று அனுப்பியிருக்கிறார். அவள் நம்பியிருக்கிறாள், அல்லது நம்ப ஆசைப்பட்டிருக்கிறாள். நோட்டீஸ் வந்ததும் மறுபடியும் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்போது வேலை முடிந்ததும், தான் சேர்த்துவிட்ட தெருக்களுக்கே ஒவ்வொன்றாகப் போகிறாள். அதே வாசல், அதே மணி. "நான் சொன்னது பொய்யாயிடுச்சு, வந்து புகார் குடுங்க" என்கிறாள். பாதிப்பேர் முகத்திலேயே கதவைச் சாத்துகிறார்கள். நம் வீட்டிலிருந்து இதைச் செய்தால், மாமியார் தெருவுக்காகச் செய்கிறாள் என்று ஆபீஸ் சொல்லிவிடுமாம். அதனால்தான் பையை எடுத்தாளாம். நான் பேசிய பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு; அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

"ஜூன்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அத்தை?"

மாட்டேன். அதற்காக அவள் சொல்லாதது சரியாகிவிடாது. அதையும் அவளிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

&nbsp;

டிசம்பர் 3

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்துகொண்டேன். என்னிடமே ஜூனில் வந்து பூட்டு, சாவி என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாள், பாருங்கள். நான் மண்டு, அதைப் பூட்டுக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். அதில் ஒன்று இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்தீர்கள், பேசினீர்கள், அவளைக் குற்றமும் சொன்னீர்கள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். நீங்கள் எதையும் மறந்துவிடுகிறவர் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறீர்கள். அங்கே அவளுக்கு இடம் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். கடைக்கு மேல் ஒரு அறை இருக்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே ஆபீஸுக்கு எதிராகப் புகார் திரட்டினால் விட்டுவைப்பார்களா? உங்கள் வக்கீலைக் கேளுங்கள். கத்துவதற்கு மட்டும்தான் வக்கீலா?

விசாரணை என்று வந்தால் எனக்குத் தகவல் கொடுங்கள். பொறுப்பு என்று எழுதியவன் நான். வந்து நிற்கிறேன்.

பாப்பாவின் அப்பா

&nbsp;

பிப்ரவரி 18

சம்பந்தி அவர்களுக்கு,

விசாரணையன்று நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் காதில் விழாமலே எல்லாவற்றுக்கும் கைதட்டினீர்கள். அதிகாரி ஆபீஸ் பக்கத்து நியாயத்தைச் சொன்னபோதும் தட்டினீர்கள். வக்கீல் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அன்று கூட்டத்தில் பேச முடியவில்லை. அதனால் உங்கள் டிசம்பர்க் கடிதத்துக்கு இப்போது பதில். மாடிப்படியில் நான் கூப்பிடவில்லை. வாய் வரவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே போய்க் கூப்பிட்டேன். அவள் வர மறுத்துவிட்டாள். "பாக்கித் தெருவெல்லாம் முடியட்டும் அத்தை" என்றாள். சரி, அவள் வராவிட்டால் நான் போகிறேன், ஆபீஸ் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று மறுநாள் மாலையிலிருந்து அவளோடு நானும் நடந்தேன். அவள் மணியை அடிப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். திட்டு வாங்கினால் இரண்டு பேரும் வாங்குவோம். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் அவள் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

உத்தரவு வந்துவிட்டது. திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, சேர்வதற்கு முன்னால் இருந்த செலவைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அப்படிப் பார்த்தால் நாங்கள் குறைக்க வேண்டியதை எப்போதோ குறைத்துவிட்டோம். வக்கீல் அதை வரி வரியாகப் படித்து, இனி சேருகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று ஆபீஸ் முத்திரையோடு எழுதி வாங்கிவிட்டார். பேக்கரிக்காரர் மனைவி ஜன்னலைத் திறந்து, "வெயிலா இருக்கேன்னு சாத்தினேன்" என்றாள். நானும் ஆமாம், நல்ல வெயில் என்றேன்.

உங்கள் மகளுக்குக் கண்டிப்பு ஓலை ஒன்று வந்திருக்கிறது. பிரமோஷன் இப்போதைக்குக் கிடையாது. ஆனால் பழைய பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஆபீஸிலிருந்து வேறு யார் போனாலும் எந்த வீட்டிலும் கேட்டைத் திறப்பதில்லை. அதனால் அனுப்பினார்கள் என்பது என் சந்தேகம். இப்போது அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். கடை மாடி அறையை நீங்கள் வாடகைக்கு விடலாம்.

போன வாரம் ஆற்றுப் பக்கத்துத் தெரு ஒன்றுக்குப் போனோம். அங்கே இன்னும் ஒரு வீடும் சேரவில்லை. முதல் வீட்டில் ஒரு அம்மா கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, உள்ளே நின்றுகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தாள். உங்கள் மகள் எல்லாவற்றையும் சொன்னாள்: குழாய், டைமர், மானியம், புது உத்தரவு. முத்திரை போட்ட காகிதத்தைக் கம்பி வழியாக நீட்டினாள். அந்த அம்மா தொடக்கூட இல்லை.

"இந்த மாதிரி காகிதம் எத்தனை பார்த்தாச்சு. போன தடவையும் இப்படித்தானே சொன்னீங்க?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஆபீஸா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு இவங்களோட சுத்தறீங்க? நீங்க யாரு?"

"இந்தப் பொண்ணோட மாமியார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மாமியாரே கூட வந்து இவ சொல்றது நிஜம்னு சொல்றீங்களா?"

"ஆமா. நிஜம்தான்."

"அப்ப இருங்க" என்று சாவியை எடுக்க உள்ளே போனாள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி